பேரைச் சொல்லு

பலகையில் 'ஈஸி' என்று போட்டிருக்கிறது. முக்கால் மைல் சுற்று வழி, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும், தள்ளுவண்டிக் குழந்தைகூடப் போய்வரலாம் என்று மாப்பிள்ளை முகுந்த் சொன்னார். கிழடுகளும் போகலாம் என்பதை அவர் சொல்லவில்லை, என் மகள் நித்யா சொன்னாள். "அப்பா, உங்களுக்குன்னே பார்த்து ஈஸியா ஒண்ணு பிடிச்சோம்." பேத்தி கார் சீட்டில் தூங்கிவிட்டாள், எழுப்பினால் ஊரைக் கூட்டிவிடுவாள், ஆகவே அவர்கள் காரிலேயே இருக்க, நானும் என் மனைவி வடிவும் மட்டும் இந்த மழைக்காட்டுக்குள் வந்திருக்கிறோம். சியாட்டிலிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தது இதற்குத்தான். பாசி. எங்கே பார்த்தாலும் பாசி. மரத்தில் பாசி பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது, பாசிக்கு நடுவே அங்கங்கே மரம் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. கிளைகளிலிருந்து முழம் முழமாகத் தொங்குகிறது. எங்கள் ஊர்த் தெப்பக்குளப் படியில் இதில் கால்வாசி இருந்தால் ஆள் விட்டுச் சுரண்டுவார்கள், இங்கே பக்கத்தில் பலகை வைத்துத் தொடாதே என்று எழுதியிருக்கிறார்கள். மழை பெய்கிறதா என்றால் பெய்கிறது என்றும் சொல்ல முடியாது. குற்றாலத்துச் சாரல் முகத்தில் அடித்தால் அதில் ஒரு சந்தோஷம் உண்டு. இது மரத்திலிருந்து சொட்டுகிறது, பிடரிக்குள் ஒரு சொட்டு, காது மடலில் ஒரு சொட்டு, குறி பார்த்துப் போடுகிற மாதிரி. வேறு சத்தமே இல்லை. பறவை இல்லை, பூச்சி இல்லை. வடிவின் ரெயின்கோட் உரசுகிற சரசரப்பு மட்டும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

முன்னால். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தேழு வருஷம் எனக்குப் பத்தடி பின்னால் வந்தவள். கல்யாண வீடு, துஷ்டி வீடு, திருச்செந்தூர், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் நான் முன்னால், அவள் பின்னால். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை, செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். இங்கே வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, மகளின் நீல ரெயின்கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, மகளின் பழைய ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போகிறாள். "பாத்து வாங்க, வேரு வழுக்குது" என்கிறாள், திரும்பாமலேயே. யாரைப் பார்த்துச் சொல்கிறாள்? வாங்க. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனும் அவளுக்கு வாங்கதான், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவனும் வாங்கதான். அந்த வாங்கவில் நான் எங்கே இருக்கிறேன்? "ஏளா, மெள்ளப் போயேன், ரயிலா போயிரப் போவுது?" என்றேன். "மெள்ளத்தான போறேன். நீங்கதான் நின்னு நின்னு வாரீய" என்றாள். உண்மைதான், முழங்கால் படுத்துகிறது. ஆனால் உண்மையைச் சொல் என்று இவளை யார் கேட்டார்கள்? எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் முழங்கால் வலி கொஞ்சம் குறைகிறது, இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

என் பெயர் ஆவுடையப்பன். இதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அம்மா 'ஆவுடை' என்பாள், அவள் போய் இருபது வருஷம் ஆகிறது. அப்பா முழுப் பெயரையும் சொல்வார், அடிக்கக் கை ஓங்குவதற்கு முன்னால் மட்டும். அண்ணன் 'ஏல ஆவுடையா' என்பான். போன தை மாதம் அவனும் போய்விட்டான். அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, இனி இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உயிரோடு ஒருத்தரும் கிடையாது. அன்றைக்கு நான் அழுதது அண்ணனுக்கா, பெயருக்கா என்று கேட்டால் பெயருக்குத்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆபீசில் சார். தெருவில் கோர்ட்டு சார். மகளுக்கு அப்பா, மாப்பிள்ளைக்கு மாமா. இங்கே மருந்துக் கடையில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து ஏவோ, ஏவுடே என்று இழுத்துப் பார்த்துவிட்டு மிஸ்டர் ஏ என்று முடித்துக்கொண்டாள். முதலெழுத்தோடு தீர்ந்துவிட்டேன். மிச்சம் ஒருத்தி இருக்கிறாள். அவள் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், சாவதற்குள். இது என்ன பெரிய ஆசையா? நகையா கேட்கிறேன், நிலமா கேட்கிறேன்? மகள் தன் புருஷனை 'டேய் முகுந்த்' என்று மாடியிலிருந்து கூப்பிடுகிறாள், அவர் 'என்னடி' என்று சிரித்துக்கொண்டே படியேறுகிறார். முதல் நாள் எனக்கு ரத்தம் கொதித்தது. ரெண்டாம் நாள் பொறாமையாக இருந்தது. இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முழுப் பெயர் என்ன, பெயரின் துண்டைக்கூட வடிவு தொட மாட்டாள். கோயிலில் லிங்கத்துக்கு அடியில் இருக்கிற ஆவுடையை 'அந்த அடிக்கல்லு' என்பாள். எங்களுக்குப் பால் ஊற்றியவன் பெயரும் ஆவுடையப்பன்தான், பாவம், பதினாறு வருஷமும் வெறும் பால்காரராகவே இருந்துவிட்டுப் போனான். ரேஷன் கடைக்குப் போனால் கையில் துண்டுச் சீட்டு இருக்கும், அதில் என் பெயர், என் கையெழுத்தில், நான் எழுதிக் கொடுத்தது. முதலில் நான் கேலிதான் பண்ணினேன். பேரைச் சொல்லு, சேலை எடுத்துத் தருகிறேன். பேரைச் சொல்லு, உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்புகிறேன். முதலில் சிரிப்பாள், பிறகு சிரிக்காமல் நிற்பாள், பிறகு அடுப்படிக்குப் போய் அழுவாள். ஒரு தீபாவளிக்கு நான் நிஜமாகவே அனுப்பவில்லை. அப்போதும் சொல்லவில்லை. பஸ் போகிற நேரம்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பஸ் போனதும் எழுந்து உலை வைத்தாள். அந்தப் பிடிவாதத்துக்குப் பெயர் பக்தியாம். மூன்று வாரம் முன்னால், ஏர்போர்ட்டில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி அவளிடம் ஹஸ்பண்ட் நேம் என்றான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். வாயால் சொல் என்றான் அவன். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேலே விளக்கைப் பார்த்தேன். அந்தப் பெயர் என் நாக்கு நுனியில்தான் இருந்தது, எடுத்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. அவள் மேலுதட்டில் வேர்த்ததை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கூட்டம் நின்றதால் அவன் முத்திரையைக் குத்தித் தள்ளிவிட்டான். சோம்பேறிப் பயல். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

நான் விட்டதில்லை. இருபத்தாறு வருஷம் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களின் பெயர், வயது, தகப்பன் அல்லது புருஷன் பெயர் எல்லாம் கேட்டு எழுதுவது என் வேலை. மனுவிலேயே எல்லாம் இருக்கும், பார்த்து எழுதிக்கொள்ளலாம். நான் பொம்பளைகளிடம் மட்டும் கேட்பேன். இசக்கியம்மாள் என்று ஒருத்தி, ஜீவனாம்ச வழக்கு, புருஷன் ரெண்டு பிள்ளைகளோடு அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விட்டவன். புருஷன் பேரு என்ன என்றேன். "அந்தா நிக்காகள்லா" என்று கை காட்டினாள். நிக்கிறவருக்குப் பேர் கிடையாதா என்றேன். வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி வேறொரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, சுடுகாட்டுல இருக்க சாமி பேரு. அதுக்குப் பின்னால, சிப்பிக்குள்ள கிடைக்கும்லா, அது." எனக்குத் தெரியாதா, சுடலைமுத்து என்று என் முன்னால் எழுதியே இருக்கிறது. "கோர்ட்டுல வந்து விடுகதை போடப்படாது. பேரைச் சொல்லு." முணுமுணுத்தாள். "சத்தமா." இன்னும் ஒரு தடவை முணுமுணுத்தாள். "கூட்டத்துக்குக் கேக்கணும்." அவள் கத்தினாள். கத்திவிட்டுத் தன் வாயில் தானே பட்பட்டென்று அடித்துக்கொண்டாள். விட்டுவிட்டுப் போனவன், பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு வழி பண்ணாதவன், அவனுடைய ஆயுசுக்காக வாயில் அடித்துக்கொள்கிறாள். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து வடிவிடம் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன், அந்த முழியைக்கூட நடித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்கு அப்படிப் பண்ணுனீய?" என்றாள். ரூல் என்றேன். ரூல் எதுவும் இல்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒருத்தி வாயைத் திறக்க மாட்டேன் என்று நிற்க, நாம் சொல்லித் திறக்க வைக்கிற இடம். வீட்டில் நடக்காதது அங்கே நடந்தது.

ஒன்றுக்கு வருகிறது. குளிர் வேறு. காரில் வரும்போதே வந்தது, மாப்பிள்ளையிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வழியின் ஓரத்தில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது, விழுந்து கிடக்கும்போதே என் நெஞ்சு உயரம், நீளம் ஒரு ரயில் பெட்டி இருக்கும். அதன் முதுகில் சின்னச் சின்ன மரங்கள் வரிசையாக முளைத்திருக்கின்றன. செத்த மரத்தைத் தின்று புது மரங்கள் வளர்கின்றன என்று பலகை சொல்கிறது. படம் போட்டு, சந்தோஷமாக. வடிவு அடுத்த வளைவில் திரும்பிவிட்டாள், நீலம் தெரியவில்லை. நான் பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு அந்த மரத்துக்குப் பின்னால் போனேன். தரை அமுங்குகிறது, மெத்தையில் மிதிப்பது மாதிரி, அடியில் என்ன இருக்கிறதோ. கரடி உண்டு என்று மாப்பிள்ளை சொன்னார், கறுப்புக் கரடி, சாது என்றார். சாதுக் கரடி. மரத்தின் அடியில் என் சுண்டுவிரலை விட நீளமாக ஒரு நத்தை, ஓடு இல்லாதது, பழுத்த வாழைப்பழ நிறம், கறுப்புப் புள்ளிகளோடு, இருக்கிறதா போகிறதா என்று தெரியாமல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே முடித்தேன். ஜிப்பை இழுக்கும்போது கூப்பிட்டாள்.

"என்னங்க."

இந்தா வாரேன் என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. யோசித்துச் செய்ததில்லை. இப்போது யோசித்தால், பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வாள் என்று ஒரு சின்ன ஆவல், அவ்வளவுதான். "என்னங்க. வாரீயளா?" சரசரப்பு திரும்பி வருகிறது. என் போன் மாப்பிள்ளையின் காரில் சார்ஜில் கிடக்கிறது, அவள் போனில் இங்கே சிக்னல் இல்லை. இந்தக் காட்டில் என்னை வரவழைக்க அவளிடம் இருப்பது அவள் வாய் ஒன்றுதான். வாயில் இருப்பது என் பெயர் ஒன்றுதான். எனக்குப் புல்லரித்தது. முப்பத்தேழு வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் அமைந்ததில்லை, பொட்டலில், தெருவில், பஸ் ஸ்டாண்டில் எங்கே தொலைந்தாலும் யாராவது ஒரு பையனைப் பிடித்து 'கோர்ட்டு சாரைக் கூப்பிடுப்பா' என்று சொல்லிவிடுவாள். இங்கே யாரும் இல்லை. குந்தி உட்கார்ந்தேன். முழங்கால் நெட்டி முறித்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தேன். கேட்கவில்லை. இந்தக் காட்டில் பாசி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடுகிறது.

"என்னங்க! எங்க இருக்கீய? சத்தங் குடுங்க!" விழுந்த மரத்தின் வேருக்குக் கீழே ஒரு இடைவெளி, அதன் வழியாக நீல ரெயின்கோட் பெரணி இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிகிறது. நான் இருந்த இடத்தைத் தாண்டிப் போனாள், தாண்டித் திரும்பினாள். சேலைத் தலைப்பு ரெயின்கோட்டுக்குக் கீழே ஈரத்தில் இழுபடுகிறது. சொல்லு. ஒரு தடவை சொல்லு, நான் எழுந்து வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி, ஒன்றுக்குப் போனேன் என்பேன். "நித்யாப்பா!" என்றாள். ஆ, நித்யாப்பா. ஆஸ்பத்திரியில் நித்யா பிறந்த மறுநாளே இந்தப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள், கடன் தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி அன்றைக்கு அவள் முகத்தில். அது என் பெயர் இல்லை, நித்யாவின் பெயர். எழுந்துவிடு, போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று இன்னொன்று வந்தது. இன்னும் ஒரு தடவை, அதற்கப்புறம் எழுந்துவிடலாம். கூப்பிட்டாள். இன்னும் ஒரு தடவை. அவள் குரலில் ஒரு கிறீச்சு ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியாத குரல் அது. மூன்று வருஷம் முன்னால் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். விழுந்து கிடக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். இன்னும் சொல்லவில்லையே. செத்துக் கிடக்கிறேன் என்று நினைத்தும் சொல்லவில்லை என்றால் அப்புறம் எதற்குத்தான் சொல்வாள்? இது நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது. குந்திய வாக்கில் தொடை நடுங்குகிறது. கால்சட்டையின் பின்பக்கம் நனைந்து தோலில் ஒட்டுகிறது. வாழைப்பழ நத்தை என் ஷூவை நோக்கி வருகிறது.

அப்போது ஆட்கள் வந்தார்கள். வயசான வெள்ளைக்காரத் தம்பதி, இருவருக்கும் ஒரே மாதிரி பச்சைத் தொப்பி, கையில் ஊன்றுகோல். ஆர் யூ ஓகே என்றார் அந்த அம்மாள். "மை ஹஸ்பண்ட்" என்றாள் வடிவு. "மை ஹஸ்பண்ட் மிஸ்ஸிங். ஹார்ட் பேஷண்ட்." அவ்வளவு இங்கிலீஷ் இவளுக்கு எங்கிருந்து வந்தது? ஓ டியர், ஓ டியர் என்று அந்த அம்மாள் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் என்ன என்று கேட்டார் அந்த மனிதர். கேட்டுவிட்டார்! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வடிவு வாயைத் திறந்தாள். மூடினாள். தலையை ஆட்டினாள். தன் கைப்பையைத் திறந்து துழாவினாள், எனக்குத் தெரியும் எதைத் தேடுகிறாள் என்று, துண்டுச் சீட்டு, முப்பத்தேழு வருஷப் பழக்கம். சீட்டு இல்லை. இவள் கத்தியதை அந்த மனிதர் வழியிலேயே கேட்டிருக்க வேண்டும், அதற்குள் தலையை ஆட்டிக்கொண்டு, கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, "என்னாங்கா!" என்று கூப்பிட்டார். "என்னாங்கா! மிஸ்டர் என்னாங்கா!" அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார். காடு முழுக்க என்னாங்கா. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கையைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் இருந்தால் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கலாம். ரெண்டு பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க் கூப்பிடுகிறார்கள், நல்ல ஜனங்கள், அக்கறையான ஜனங்கள். நடுவில் வடிவு தனியாக நிற்கிறாள். இல்லை, அது என் பெயர் இல்லை என்று அவர்களைத் திருத்தவும் முடியாமல், கைகளைப் பிசைந்துகொண்டு, உதடு கோணி அழுகிறாள். இந்த அழுகை எனக்காக. எனக்கே எனக்காக. அண்ணன் செத்ததற்கு அப்புறம் முதல் தடவையாக நெஞ்சுக்குள் கதகதவென்று இருந்தது. இப்போது சொல்லிவிடுவாள், அவளுக்கு வேறு வழி இல்லை, கூண்டில் ஏற்றியாகிவிட்டது. சத்தமா. கூட்டத்துக்குக் கேக்கணும்.

சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியிருக்க வேண்டும், பெரணி இலை ஆடியிருக்க வேண்டும். வடிவு திரும்பினாள். பத்தடி தூரம்கூட இல்லை. வேருக்குக் கீழே இருந்த அந்த இடைவெளி வழியாக நேராக என் முகத்தைப் பார்த்தாள். நான் என் கையைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தேன், கண்ணில் சிரிப்போடு. முதலில் அவள் முகத்தில் வந்தது நிம்மதி, அதை நான் சத்தியமாகச் சொல்வேன், ஒரு விநாடி அந்த முகம் அப்படியே மலர்ந்தது, ஓடி வரப் போகிறவள் போல ஒரு காலை எடுத்துக்கூட வைத்தாள். அப்புறம் நான் எப்படி இருக்கிறேன் என்பதைப் பார்த்தாள். விழவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிறேன். எடுத்து வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். ரெயின்கோட் கையால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அவசரமே இல்லை அவளிடம். வெள்ளைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி, எப்படி உச்சரிக்க வேண்டும், என்னாங்கா சரிதானா என்று கேட்டார். "நோ" என்றாள் வடிவு. என்னையே பார்த்துக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

"ஆவுடையப்பன்."

கணீரென்று சொன்னாள். நாக்கு புரளவில்லை, குரல் நடுங்கவில்லை. ரேஷன் கடையில் அடுத்த கார்டைப் படிக்கிறவன் குரல். "ஹிஸ் நேம் ஆவுடையப்பன். நோ ப்ராப்ளம். ஹி வில் கம்." அவர்கள் ஏதோ கேட்டார்கள், வேண்டாம் என்று கையை ஆட்டினாள், தாங்க்யூ தாங்க்யூ என்றாள், அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடேயே நடந்து போய்விட்டாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. மரத்தில் கையை ஊன்றினால் பாசி கையோடு பிய்த்துக்கொண்டு வருகிறது. கேட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்றுதானே இருந்தேன். ஆவுடையப்பன். அம்மா சொன்னால் அதில் ஒரு இழுப்பு இருக்கும், அண்ணன் சொன்னால் ஒரு அதட்டல் இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை, காலி டப்பா. திரும்பத் திரும்ப மனசுக்குள் போட்டுப் பார்க்கிறேன், எங்காவது ஒரு ஓரத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. "ஏளா வடிவு!" என்று கூப்பிட்டேன். நான் அவள் பெயரைச் சொல்லலாம், எனக்குத் தடை கிடையாது, எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சரசரப்பு தூரத்தில் தேய்ந்துவிட்டது. மரத்தைப் பிடித்துப் பிடித்து எழுந்து, மிச்சமிருந்த பாதி மைலையும் தனியாக நடந்தேன், ஈஸியான வழிதான், வேர் இருக்கிற இடங்களில் மட்டும் வழுக்கியது. பாத்து வாங்க என்று சொல்ல ஆள் இல்லை. காருக்குப் போனதும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மகளிடம் போட்டுக் கொடுத்திருப்பாள். அப்பா உங்களுக்கு என்ன ஆச்சு என்று அவள் கத்துவாள், நான் தமாஷ் என்பேன், மாப்பிள்ளை வேறு பக்கம் பார்ப்பார். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள், அப்புறம் சரியாகிவிடும். அதற்கு நான் தயாராக இருந்தேன்.

அவள் சொல்லவே இல்லை. காரில் பேத்தி முழித்துக்கொண்டு கையைத் தட்டிக்கொண்டிருந்தாள், வடிவு அவளுக்கு முறுக்கை நுணுக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா போனீங்க, அம்மா முன்னாடியே வந்துட்டா" என்றாள் நித்யா. மெள்ள வந்தேன் என்றேன். "பேன்ட்டெல்லாம் நனைஞ்சிருக்கு?" வழுக்கிவிட்டது என்றேன். வடிவு அடுத்த முறுக்கை எடுத்து நுணுக்கினாள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் மேல் எனக்குப் பாசமே வந்தது, காட்டிக்கொடுக்காதவள், முப்பத்தேழு வருஷத்தில் ஒரு தடவையும் காட்டிக்கொடுக்காதவள். பின் சீட்டில் பேத்திக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முகுந்த் வண்டியை எடுத்தார். ஏதோ ஒன்று விடாமல் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆவுடையப்பன், பெல்ட்டப் போடுங்க" என்றாள் வடிவு.

நித்யா சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பிவிட்டாள். "அம்மா! என்னம்மா சொன்ன இப்ப? டேய் முகுந்த், கேட்டியாடா, அம்மா அப்பா பேரச் சொல்லிட்டா!" முகுந்த் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "அத்தை, அமெரிக்கா உங்களுக்கு ஒத்துக்கிடுச்சு" என்றார். பேத்தி அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். வடிவும் லேசாகச் சிரித்தாள், அவர்களைப் பார்த்து. பேத்தியின் கன்னத்தில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டாள். நான் பெல்ட்டைப் போட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்து என்னங்க என்பாள், குளிருதா என்பாள், மாத்திரை போட்டீயளா என்பாள், தினமும் இந்த நேரத்துக்குக் கேட்பாள். காடு முடிந்து, கடல் தெரிந்து, கடலும் முடிந்து, ஊர்கள் வந்தன. நான் காத்திருந்தேன். ஒரு பாலம் தாண்டியதும் மருந்து டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் பேத்தியின் தலைக்கு மேலாக நீண்டு வந்தன. "ஆவுடையப்பன், மாத்திரை" என்றாள்.

என்னங்க என்கிற அந்த ஒரு வார்த்தை உலகத்தில் வேறு எவனுக்கும் கிடைக்காதது, காஸ்காரனுக்கு வாங்க உண்டு, என்னங்க கிடையாது, அது எனக்கு மட்டும் என்று அந்தப் பாலத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வெள்ளைக்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது, அதைச் சொல்லித்தானே காடு முழுக்க என்னைத் தேடினார். எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "எப்படிப்பா இருக்கு, அம்மா உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறது? காது குளிருதா?" என்று முன்சீட்டிலிருந்து நித்யா கேட்டாள். எல்லோரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். வடிவு காத்திருக்கவில்லை, அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு" என்றேன்.